மூடாத அடைப்பு

குடையை உதறினாள்.

அவ்வளவுதான் செய்தாள். அதிலேயே மணிவண்ணனின் அன்றைய உழைப்பு நாசமாய்ப் போனது.

வில்லியனூர் ரயில்வே கேட்டை ஒட்டி 'அமுதம் ஜெராக்ஸ்'. ஐப்பசி மழைக்குப் பயந்து அதற்குள் ஓடிவந்தவள், வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் குடையை மடக்கினாள். மடக்கியவள் சும்மா இருந்தாளா? ஒரு உதறு! பைண்டிங்குக்காக மணிவண்ணன் அடுக்கி வைத்திருந்த தாள்கட்டின் மேல் துளிகள் பூவாய்ச் சிதறின. மேல் தாளில் இருந்த கல்லூரி முத்திரை நீலமாய்க் கசிந்து, வழிந்து, யாருடைய பெயரையோ விழுங்கிவிட்டது.

"ஏங்க! கண்ண எங்க வெச்சிருக்கீங்க?"

"மூஞ்சிலதான். நீங்க பேப்பர எங்க வெச்சிருக்கீங்க? நடக்கற வழியிலயா வெப்பாங்க?"

"இது கடைங்க. குளிக்கற எடமில்ல."

"மழைக்கு யாரும் ஒதுங்கக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டுங்கண்ணா. படிச்சிட்டு அப்படியே நனைஞ்சிக்கினு போறோம்."

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து அமுதம் அக்கா 'களுக்'கென்று சிரித்தாள். கடை அவளுடையது. பின்பக்க மூலையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி மட்டும் மணிவண்ணனுடையது.

"மணி... உனக்கு இன்னிக்குச் சரியான ஆளு மாட்டிக்கிச்சுடா!"

மணிவண்ணன் இன்னும் நாலு வார்த்தை காரமாய்ச் சொல்லத்தான் நிமிர்ந்தான். சொல்லவில்லை.

அந்தக் கண்கள்... வாய்தான் வம்பு பேசியது. கண்கள் அப்போதுதான் அழுது முடித்திருந்தன. மழைத் தண்ணீர் இமையில் நிற்கும். ஓரத்தைச் சிவக்க வைக்காது. யாரோ எங்கேயோ இவளை நன்றாக அழ வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தை இங்கே வந்து உதறுகிறாள்... குடையோடு சேர்த்து.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிக்கு வரி சாய்ந்த கோடுகளும் சுருள் அடைப்புக்குறிகளுமாய், பார்ப்பவர்களுக்கெல்லாம் பைத்தியக்காரன் கிறுக்கல் போலத் தெரியும் திரை அது.

"இது... லேடெக்ஸா?"

"லேடெக். லேடெக்ஸ்னா ரப்பர் பாலு."

சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"இத தெரிஞ்ச ஆளு பாண்டிச்சேரி பூரா கெடைக்கலைங்க எனக்கு..."

*

செல்வகுமாரி. ஊர் பாகூர். கணிதத்தில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய கைடு வீடு வில்லியனூரில்தான். அன்றைக்கும் அவர் தீசிஸை விசிறி அடித்திருந்தார். வேர்டில் அவள் வரிசையாய் நிறுத்திய சமன்பாடுகள் அவருடைய கம்ப்யூட்டரில் திறந்தால் சாய்ந்தும் சரிந்தும் கிடந்தன. "லேடெக்கில் கொண்டா. இல்லையென்றால் என் கையெழுத்து கிடையாது!"

சமன்பாடுகளை அச்சுப் பக்கமாய்க் கோக்கும் அந்தக் கம்ப்யூட்டர் மொழிதான் மணிவண்ணனுக்குச் சோறு போட்டது. டவுனில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவன். ஒருநாள் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைத்ததில் இவனும் ஒருவன். இப்போது இந்த மூலை மேசையில் கிடைத்த வேலையைப் பார்க்கிறான்.

"நானே அடிச்சுக் குடுத்துடட்டுமா?" என்றான்.

"வேணாம். எனக்குச் சொல்லிக் குடுங்க. என் தீசிஸ நான்தான் எழுதணும்."

பிடிவாதக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது என்று ஏற்பாடாயிற்று.

முதல் பாடம் இப்படிப் போனது.

"வேர்டுல இன்னா பண்றீங்க? தலைப்புன்னா பெருசாக்கறீங்க, கறுப்பாக்கறீங்க, நடுவுல தள்றீங்க. இதுல அந்தக் கதையே கெடையாது. 'இது தலைப்பு'ன்னு இன்னான்னு மட்டும் சொல்லணும். எவ்ளோ பெருசாத் தெரியணும், எங்க நிக்கணும்... அதெல்லாம் அது பாத்துக்கும்."

"அது தப்பாப் பாத்துக்கினா?"

"நம்பணும்."

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். மை தீட்டாத கண்கள். மேகம் கவிந்த ஏரி மாதிரி ஆழம் தெரியாமல் கிடந்தன. அவன் அவசரமாய்த் திரைக்குத் திரும்பிக்கொண்டான்.

"அப்புறம்... தொறந்த அடைப்ப மூடணும். பிகின்னு ஆரம்பிச்சா எண்டுன்னு முடிக்கணும். கதவத் தொறந்து போட்டுட்டு வந்தா வூட்டுக்குள்ள மாடு பூந்துடும்ல? அப்படி."

"எங்க வூட்ல மாடு இல்லைங்க. அப்பாதான்."

"மாட்ட விட கஷ்டமா?"

"மாடு பேச்சக் கேக்கும்."

இருவரும் சிரித்தார்கள். வெளியே மழையும் சேர்ந்துகொண்டது.

முதன்முதலாய் அவளே ஒரு அத்தியாயத்தைப் பக்கங்களாக்க ஓடவிட்டபோது பக்கம் பக்கமாய்க் கேள்விக்குறிகள். சமன்பாட்டு எண் வர வேண்டிய இடத்தில் எல்லாம் இரட்டைக் கேள்விக்குறி. அவள் முகம் செத்துவிட்டது.

"போச்சு... எல்லாம் போச்சா?"

"ஒண்ணும் போவல. மொதவாட்டி ஓடும்போது எது எந்தப் பக்கத்துல இருக்குன்னு அதுக்கே தெரியாது. குறிச்சு மட்டும் வெச்சுக்கும். ரெண்டாவது வாட்டி ஓட்டுனாதான் நிரப்பும். ஓட்டிப் பாருங்க."

ஓட்டினாள். கேள்விக்குறிகள் மறைந்து எண்கள் வந்து உட்கார்ந்தன.

"அப்போ ஒருவாட்டி சொன்னா நம்பாது!"

"ரெண்டுவாட்டி சொல்லணும்."

அவளுடைய தீசிஸ் தண்ணீரைப் பற்றியது. நல்லவாட்டிலும் பனித்திட்டிலும் கடலோரக் கிணறுகளில் ஆரம்பித்து, பாகூர் வரைக்கும் கிணறு கிணறாய்ப் போய்த் தண்ணீர் எடுத்திருந்தாள். மீனவர் வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, கரும்புத் தோட்டத்து போர்வெல்... கடல் மண்ணுக்கு அடியில் எவ்வளவு வேகத்தில் ஊருக்குள் வருகிறது? அதைத்தான் அந்தச் சமன்பாடுகள் சொல்லிக்கொண்டிருந்தன.

"மேல பச்சையாத்தான் இருக்கும். கீழ உப்பு வந்துக்கினே இருக்கும். தெரியும்போது ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் ஒருநாள்.

தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள். மணிவண்ணனுக்கு ஏனோ நெஞ்சுக்குள் எதுவோ ஈரமாய் இறங்கியது...

*

நாலாவது அத்தியாயம் முடிந்த அன்றைக்குத்தான் அந்த இடி.

"சீக்கிரம் முடிச்சிடலாம். கார்த்திகைக்குள்ள பைண்டிங்கே போய்டும்" என்று உற்சாகமாய்ச் சொன்னான். அவள் சந்தோஷப்படவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினாள். அதன் மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"முடிஞ்சா கல்யாணம்."

"யாருக்கு?"

"எங்க வூட்ல நான் ஒருத்திதான்."

மாப்பிள்ளை ராஜ்மோகன். அத்தை வழிச் சொந்தம். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். பாரிஸில் வேலை. இரண்டு வருஷமாய்ப் பேசி வைத்திருக்கிறார்கள். 'படிப்பை முடிக்கிற வரைக்கும் விடுங்கப்பா' என்று அவள் கேட்டாள். அப்பா வார்த்தை கொடுத்தார். கொடுத்த வார்த்தையை அவர் மீற மாட்டார். தீசிஸைக் கொடுக்கிற வரைக்கும் தாலி இல்லை. கொடுத்துவிட்டால்... தை மாசம்.

"நல்ல எடம்தான?" என்றான் மணிவண்ணன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நல்ல எடம்தான்."

கேட் மணி அடித்தது. ரயில் ஒன்று போனது.  அது போய் முடிந்ததும் அவள் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வினோதம் ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது அத்தியாயம் ஓடவில்லை. மணிவண்ணன் தேடினான். தேடினான்... ஒரு அடிக்குறிப்பின் கடைசியில் மூடும் அடைப்பு இல்லை. திறந்த வாய் மூடாமல் அத்தியாயம் முழுவதையும் விழுங்கிவிட்டு, கடைசி வரியில் போய் 'ஐயோ' என்று கத்தியிருந்தது.

"இது எப்படிங்க போச்சு?"

"தெரியல... கை பட்டிருக்கும்." அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் அட்டவணை ஒன்றுக்கு 'எண்ட்' இல்லை. அதற்கடுத்த வாரம் சமன்பாடு ஒன்று பாதியில் நின்றது. ஒன்றைச் சரிசெய்து அனுப்பினால் இன்னொன்று முளைத்து வந்தது. கார்த்திகை தீபம் போய்விட்டது. பைண்டிங் போகவில்லை.

"ஏண்டா மணி, அந்தப் பொண்ணு புக்கு முடியவே மாட்டேங்குதே?" அமுதம் அக்கா டோனர் பொடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"பிழை வருதுக்கா."

"ம்ம்... பிழைதான். மொத நாளு உன்ன அண்ணான்னு கூப்டுச்சு. கவனிச்சியா? இப்ப இன்னான்னே கூப்புட மாட்டேங்குது. அந்தப் பிழைய எந்த கம்ப்யூட்டர்ல பாப்ப?"

அவனுக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் அவள் போனதும் ஒரு காரியம் செய்தான். கம்பெனிப் பழக்கம், யார் வேலையானாலும் வாராவாரம் ஒரு பிரதி தன்னிடம் வைத்துக்கொள்வான். தான் சரிசெய்து அனுப்பிய பிரதியையும் அவள் திரும்பக் கொண்டுவந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் காட்டச் சொன்னான்.

திரை காட்டியது. ஒரே ஒரு அடைப்பு.

வேறு ஒரு சொல் சேர்க்கவில்லை. ஒரு புள்ளி மாறவில்லை. அந்தப் பக்கத்துக்கே அவள் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. முந்தின வாரத்தை எடுத்தான். அதற்கு முந்தின வாரத்தை எடுத்தான். அதே கதை!

புதிதாய்க் கற்றுக்கொள்பவர்களின் தப்பு மணிவண்ணனுக்கு அத்துப்படி. விழுக்காடு குறியை அப்படியே போட்டு மிச்ச வரியைத் தொலைப்பார்கள். கோப்புப் பெயரில் இடம் விட்டுவிட்டு முழிப்பார்கள். அந்தத் தப்பெல்லாம் செய்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இது அப்படியல்ல. எங்கே எடுத்தால் தேட அதிக நேரம் ஆகுமோ, சரியாக அங்கே எடுக்கப்பட்டிருந்தது. இந்தத் தப்பைச் செய்யப் பாடம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்தே எடுத்திருக்கிறாள்... முடியக் கூடாது என்று எடுத்திருக்கிறாள்.

பண்டசோழநல்லூர் போகும், கூரை ஒழுகும் பஸ்ஸின் கடைசி சீட்டில், நனைந்துகொண்டே தனியாய்ச் சிரித்தான் மணிவண்ணன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டுமே!

அந்தச் சிரிப்பின் ஆயுள் ஒரு ராத்திரிதான்.

*

மறுநாள் கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இறங்கியவர் வெள்ளை வேட்டியும் மழைக்கோட்டுமாய் உள்ளே வந்தார். நெற்றியில் விபூதி. செல்வகுமாரியின் கண்கள் இந்த முகத்திலிருந்துதான் போயிருக்கின்றன என்று பார்த்த உடனே தெரிந்தது.

"நீங்கதான் மணிவண்ணன் தம்பிங்களா? நான் பலராமன். செல்வி அப்பா."

"உக்காருங்க சார்."

"எம் பொண்ணு உங்களப் பத்தி நெறையச் சொல்லுச்சு. ரொம்பப் பொறுமையாச் சொல்லித் தர்றீங்களாம். இன்னும் எவ்ளோ நாளு ஆவுங்க தம்பி? மாப்புள்ள லீவு போட்டுட்டாரு. டிக்கெட்டு எடுக்கணும்."

"கொஞ்சம் பிழை இருக்குங்க..."

"அதுல என்னதான் எழுதிருக்குது? எங்க போர்த் தண்ணி உப்பாய்டும்னு சொல்லுது. இன்னிக்கும் இளநி மாதிரி இருக்கு எங்க தண்ணி. கண்ணுக்குத் தெரியாதத எப்படி நம்பறது, சொல்லுங்க?"

அவர் பேச்சில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. கல்யாணம் வைத்திருக்கும் தகப்பனின் அலுப்பு மட்டும்தான்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"பண்டசோழநல்லூருங்க."

"அட, நம்ம ஆளுங்க நெறைய உண்டே அங்க. எந்தத் தெரு?"

மணிவண்ணன் தெருவைச் சொன்னான். அப்பா பெயர் மாரிமுத்து என்றும் சொன்னான்.

பலராமன் தலையை மெல்ல ஆட்டினார். "மாரிமுத்து... கரும்பு வெட்ட ஆளு செட்டு கூட்டிக்கினு வருவானே, அந்த மாரிமுத்து. முட்டி போய்டுச்சுன்னாங்க. நல்லா இருக்கானா?"

"இருக்காருங்க."

"அவன் புள்ளையா நீ? பரவால்ல, படிச்சு முன்னுக்கு வந்திருக்க." முதுகில் தட்டிக்கொடுத்தார். "சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுபா. உன்ன நம்பித்தான் பந்தலுக்குச் சொல்லப்போறேன்."

போய்விட்டார். திட்டவில்லை, முறைக்கவில்லை. முதுகில் தட்டிய இடம் மட்டும் எரிந்தது. வந்தபோது கூடவே வந்த 'நீங்க' போகும்போது இல்லை. அப்பா பெயரைச் சொன்ன அந்த ஒரு நிமிஷத்தில் அது இறங்கிப் போய்விட்டது.



'கூலிக்காரன் மகன் பாடம் சொல்லித் தருகிறேன் என்று பெண்ணை மயக்கிவிட்டான்' என்று ஊர் சொல்லும். அவனைச் சொன்னால் போகட்டும். முட்டி தேய அந்த வீட்டு வயலில் குனிந்த மாரிமுத்துவை இழுத்து வைத்துச் சொல்லும். அவளையும்தான்... கிணறு கிணறாய் அலைந்து எழுதிய தீசிஸையே ஊர் வேறு பெயர் வைத்துப் பேசும்.

வேண்டாம். அவன் எதையும் திருடியவனாக நிற்க மாட்டான். வேலை கொடுத்தார்கள். வேலையை முடிப்பான்.

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அவள் இதுவரை எடுத்த அடைப்புகளை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து, கடைசியாய் எடுத்ததையும் திரும்ப வைத்தான். ஓடவிட்டான். இன்னொரு தரம் ஓடவிட்டான்.

ஒரு கேள்விக்குறிகூட மிச்சமில்லை.

*

"முடிஞ்சிருச்சு" என்றான், ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உட்கார்ந்ததும்.

"இன்னா முடிஞ்சிருச்சு?"

"தீசிஸ். பைண்டிங் குடுத்துடலாம்."

அவள் பதறிப்போய்த் திரையைப் பார்த்தாள். "மூணாவது அத்தியாயம் ஓடலையே..."

"ஓடுது."

"நாலாவதுல அந்த டேபிள்..."

"எண்டு போட்டுட்டேன்."

"அஞ்சுல..."

"எல்லாத்தையும் மூடிட்டேன் செல்வி." முதல் தடவையாகப் பெயர் சொல்லிவிட்டான். அதுவும் இப்படியொரு வேளையில்! "எதெது எங்கெங்க எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

செல்வகுமாரியின் முகத்தில் ரத்தம் ஏறியது. ஏறிய வேகத்திலேயே வடிந்தது. அமுதம் அக்காகூட மெஷினை நிறுத்திவிட்டாள்.

"தெரிஞ்சுமா... மூடுனீங்க?"

"மூடறதுதாங்க என் வேல."

அவள் எழுந்தாள். பென் டிரைவை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். அந்தக் கண்களில் அன்றைக்கு மழை இல்லை, வறண்டு கிடந்தன.

"ரொம்ப நல்லா செஞ்சிட்டீங்க... அண்ணா."

குடையை விரிக்காமலே தெருவில் இறங்கி நடந்தாள்.

*

தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் கேள்விப்பட்டான். மார்கழி பிறந்தது. வங்கக் கடலில் புயல் சின்னம் என்றார்கள். வானம் விடியாமலே விடிந்தது, இருட்டாமலே இருட்டியது. சங்கராபரணி ஆறு பாலத்தை முட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் ஓடியது.

மேசைக்கு வேலை வந்தது, செய்தான். யாரோ ஒருவருடைய கோப்பில் மூடாத அடைப்பு ஒன்று வந்தது. சரிசெய்யக் கை வராமல் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மாரிமுத்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பாகூரு பலராமன் வூட்ல கல்யாணமாம்டா. பந்தல் வேலைக்கு ஆளு கேட்டிருக்காங்க. வாசல்ல கரும்பு கட்டணுமாம். என்னால நிக்க முடியாது. நீ ஒருநாளு போய் நின்னு குடுத்துட்டு வந்துடேன்..."

"சரிப்பா" என்றான். சொல்லிவிட்டுத் தட்டில் கை கழுவினான். சோறு பாதி அப்படியே இருந்தது.

*

புயல் கரை ஏறாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். கடையில் ஆள் இல்லை. மின்சாரமும் இல்லை.

வாசலில் ஒரு குடை மடங்கியது. வெளியிலேயே நின்று, தெருப்பக்கமாய்த் திரும்பி, பதமாய் உதறிவிட்டு உள்ளே வந்தாள் செல்வகுமாரி.

இளைத்திருந்தாள். கண்களுக்குக் கீழே கருமை. மணிவண்ணன் எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பேப்பரு தீந்துபோச்சு. வாங்கியாரேன்" என்றாள் அமுதம் அக்கா. பிரிக்காத பேப்பர் கட்டு மூன்று அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

"உக்காருங்க..."

"உக்கார வரல." அவள் ஸ்டூலைத் தொடவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டேன். ராஜ்மோகன் வேணாம்னு. ஏன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"மனசுல இருக்கறது இன்னான்னு. யாருன்னும் சொன்னேன்."

"அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா பரவால்லயே. பேசறத நிறுத்திட்டாரு. வெளிய போய் மோட்டார் கொட்டாயில உக்காந்துக்கினாரு. சோறு போட்டா எறும்பு சாப்புடுது. நானும் சாப்புடல. அடுப்பு எரியுது, அணையுது... அவ்ளோதான் வூடு." மூச்சு வாங்கினாள். "இன்னிக்குக் காலைல வண்டிய எடுத்தாரு. 'ஏறு'ன்னாரு. பாகூர்லேர்ந்து வழி பூரா ஒரு வார்த்த பேசல. கேட்டாண்ட நிறுத்திட்டு..."

"கேட்டாண்டயா?"

அவன் வெளியே எட்டிப் பார்த்தான். சாலைக்கு அந்தப் புறம், மூடிக் கிடந்த ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் மேல் ஒரு மழைக்கோட்டு. கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளத்தையே பார்த்தபடி பலராமன் உட்கார்ந்திருந்தார். மழை அவர் தோளில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது.

"'நீயா நெனச்சுக்கினு இருக்கிற. அவன் ஒரு வார்த்த சொல்லிருக்கானா?'ன்னு கேட்டாரு. இல்லன்னேன். 'போய்க் கேளு. அவன் வாயால சொன்னா நான் யோசிக்கறேன். சொல்லலன்னா அத்தோட விட்டுடு. தை மாசத்துல மாத்தம் கெடையாது'ன்னாரு. சரின்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

மழை ஓட்டில் கொட்டியது. அவள் காத்திருந்தாள்.

பேச வேண்டியது மலையளவு இருந்தது அவனுக்கு. வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்தது.

"எங்கப்பா... உங்க வயல்ல..."

"தெரியும்."

"எங்க தெரு..."

"தெரியும்."

"எனக்கு நெலையான வேலகூட இல்ல. நாளைக்கு உங்க சொந்தக்காரங்க மத்தியில நான் எப்படி..."

"எவ்ளோ பெருசாத் தெரியும், எங்க நிக்கும்... அதெல்லாம் நான் கேக்கல." அவள் குரல் உடைந்தது. "யாரு சொல்லிக் குடுத்தது எனக்கு? இன்னான்னு மட்டும் சொல்லணும்னு..."

"மத்ததெல்லாம் தப்பாப் போய்ட்டா?"

"நம்பணும்."

அந்த இருட்டில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. முதல் நாள் பார்த்த அதே கண்கள். அழுதுமுடித்த கண்கள் என்று அன்று நினைத்தான். அழுகை இன்னும் முடியவில்லை. அதை முடிப்பதோ விடுவதோ இப்போது அவன் நாக்கில் இருந்தது.

"எனக்கு உன்னப் புடிச்சிருக்கு, செல்வி." சொல்லிவிட்டான். எந்த அலங்காரமும் இல்லாமல். "குடைய உதறனப்பவே புடிச்சிருச்சு. நீ எடுத்த அடைப்ப மூட எனக்கு மனசே வரல. மூடாம இருந்திருக்கணும்... உன்ன விட்டுட்டு என்னால இருக்க முடியல."

செல்வகுமாரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா... இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. பிறகு மெல்ல வாசலைப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஒருவாட்டி சொன்னா கேள்விக்குறி போவாதே..." என்றாள், ரகசியம்போல.

மணிவண்ணனுக்குப் புரிந்தது. அந்தச் சாலை அவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது.

இறங்கி நடந்தான். கடையிலிருந்து நாலு எட்டு வைப்பதற்குள் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றான். முதுகுக்குப் பின்னால் அல்ல, முன்னால்.

பலராமன் நிமிர்ந்து பார்த்தார். சவரம் செய்யாத முகம். நெற்றியில் விபூதி கரைந்து வழிந்திருந்தது.

"எனக்கு உங்க பொண்ணப் புடிச்சிருக்குங்க. கட்டிக்கணும்னு நெனைக்கறேன். திருட்டுத்தனமா இல்ல. நீங்க குடுத்தா."

ரயில் வந்தது. பெட்டி பெட்டியாய் நிதானமாகக் கடந்து போனது. கேட்டைத் தூக்கினார்கள். நின்றிருந்த லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தன. 'வழிய விடுய்யா!' என்று யாரோ கத்தினார்கள். பலராமன் வண்டியை எடுக்கவில்லை.

"எங்க தண்ணி..." என்றார் கடைசியில். சொல்லிவிட்டு நிறுத்தினார். "கொட்டாயில உக்காந்திருந்தப்ப குடிச்சுப் பாத்தேன். லேசா கரிக்குது. எனக்குத்தான் அப்படி இருந்துச்சோ என்னமோ."

மணிவண்ணன் வண்டிக்கு இன்னும் ஒரு எட்டு நெருங்கினான்.

"எதுவும் எங்கைல இல்லாமப் போய்க்கினு இருக்குது..." பெரியவர் உள்ளங்கையால் முகத்து மழையை வழித்துவிட்டார். கடை வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார். "யோசிக்கறேன்னுதான் சொன்னேன். குடுக்கறேன்னு சொல்லல."

"தெரியுங்க."

"மழ விடட்டும். அப்புறம் பேசலாம்."

மணிவண்ணன் தலையசைத்துவிட்டு அங்கேயே நின்றான். போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பலராமன் சற்று நேரம் பார்த்திருந்தார்.

"இன்னாத்துக்கு இப்படி நனையறீங்க, தம்பி? உள்ள போங்க."

மணிவண்ணன் திரும்பி நடந்தான். கண்களை வழித்துக்கொண்டான். மழையைத்தான் வழித்தானா என்று அவனுக்கே தெரியாது. வாசலில் ஒரு குடை விரிந்து அவனை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டது.

அன்றைக்கு மழை விடுகிற மாதிரி இல்லை.